ஒன்பது நகக்காரி

ஜஹாரா பிறந்தபோது அழவில்லையாம், மருத்துவச்சியை முறைத்தாளாம். அந்த அம்மாள் மிரண்டுபோய்க் கூலி வாங்கக்கூட நிற்காமல் ஓடினாள் என்று அவள் பிறந்த ஊரான கேலாங்கில் ஒரு பேச்சு உண்டு. நம்புகிறவர்கள் நம்பட்டும். ஆனால் பாசிர் பாஞ்சாங் கம்பத்தில், அந்தக் கடலோரக் கிராமத்தில், அவள் கூனி இறால் காயப்போட்ட பாயில் ஒரு காக்காயும் இறங்கியதில்லை என்பதற்குச் சாட்சி வேண்டிய மட்டும் கிடைக்கும். ஊரே மூக்கைப் பொத்தும் வீச்சம், காக்காய்க்கு அது விருந்து அழைப்பு. இருந்தும் வராது. அவள் நிமிர்ந்து பார்த்தால் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்த ஒரே தைரியசாலி லாசிம். பாசிர் பாஞ்சாங் ஊர்க்காரன், மலாய்ப் படையில் சாதாரணச் சிப்பாய். ஜப்பான்காரன் குண்டு விழுந்துகொண்டிருந்த ஜனவரியில், ஒரே ஒரு நாள் லீவு வாங்கிக்கொண்டு கேலாங்குக்கு வந்தான். கூட அவன் தாய் மீலாவும் ஒரு மாமனும் மட்டும்தான். ஊரார் வர முடியாத கல்யாணம். பந்தலுக்கு இருட்டடிப்புத் துணியே கூரை.

மாப்பிள்ளைக்கு மருதாணி வைக்க உட்காரவைத்தபோது அவன் வலது கை ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டான். ஜஹாராவின் சித்தி அதட்டினாள்.

"நீட்டுப்பா விரலை. பத்தும் சிவக்கணும்."

"ஒன்பதுதான் உங்க பொண்ணுக்கு, சித்தி. இது துப்பாக்கிக்கு. ரெண்டு பொண்டாட்டிக்காரன் பாகப்பிரிவினை செஞ்சுதானே ஆகணும்?"

திரைக்குப் பின்னால் இருந்த மணப்பெண்ணுக்குச் சுர்ரென்று ஏறியது. "அந்த இரும்புச் சக்களத்தி அவருக்குச் சோறாக்கிப் போடுவாளான்னு கேளுங்க சித்தி!" என்று கத்தினாள். மணப்பெண் வாய் திறக்கலாமா என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். லாசிம் மட்டும் சிரித்தான். விடிந்ததும் போய்விட்டான். பச்சைச் சொங்கோக் தொப்பியை அவள் தலையணைமேல் வைத்து, "இத பத்திரமா வெச்சிரு, வந்து வாங்கிக்கறேன்" என்றான்.

அடுத்த மாதம் அபின் காய்ச்சும் ஆலைக்கு மேலே இருக்கும் மலையில், சண்டு மலை என்று எல்லோரும் சொல்வார்களே அங்கே, மலாய்ப் படை நின்றது. எண்ணெய்க் கிடங்கு எரிந்து, ஓடையில் தண்ணீருக்குப் பதில் நெருப்பு ஓடியது. பின்வாங்க வழியில்லை. தோட்டா தீர்ந்ததும் கத்தியால் குத்தினார்கள், கத்தி ஒடிந்ததும் கையால் அடித்தார்கள். அவ்வளவுதான். மறுநாள் வெள்ளைக்காரன் கொடியை இறக்கினான்.

லாசிம் வரவில்லை. செத்தான் என்ற செய்தியும் வரவில்லை. போர் முடிந்து ஜஹாரா பட்டாளத்து ஆபீஸில் கேட்டபோது "காணவில்லை" என்றார்கள். "காணவில்லைன்னா தேடுனீங்களா?" என்று கேட்டாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்றே மாமியார் மீலாவும் மாமனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாசிர் பாஞ்சாங்கில் மீலாவின் வீடு பூட்டிக் கிடந்தது. ஜஹாரா மூட்டையைக் கட்டிக்கொண்டு கேலாங்கிலிருந்து அங்கே வந்து சேர்ந்தாள். எதற்கு வந்தாய் என்று கேட்டவர்களிடம், "அவர் பேரைக் கேட்க வந்தேன்" என்றாள்.

அவள் சொன்னதன் அர்த்தம் அந்தக் கம்பத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நோன்பு மாதத்துக்கு முந்தின மாதம், கம்பத்துத் தொழுகைக்கூடத்தில் இறந்தவர்களுக்காக ஓதி விருந்து வைப்பார்கள். ஒவ்வொரு வீட்டிலும் போனவர்களின் பெயரைச் சொல்லி அனுப்புவார்கள். லெப்பை கோசிம் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசிப்பார். அந்த வரிசையில் பெயர் வந்தால் அந்த மனிதர் மானத்தோடு போனவர். வராவிட்டால் அவர் எங்கே என்று ஊர் தன் இஷ்டத்துக்குக் கதை கட்டும்.

கட்டியும் விட்டது. கட்டியவன் படகுக்காரன் ஜிடின். வெள்ளைக்காரன் சரணடைந்த இரவில் சட்டையைக் கழற்றிப்போட்டு வந்த சில சிப்பாய்களைக் கரிமுன் தீவுக்குக் கொண்டுபோய் விட்டவன் அவன். "அதுல லாசிமும் இருந்தான்னு நெனைக்கிறேன்" என்று காப்பிக்கடையில் ஒரு நாள் சொன்னான். மறுநாள் "நெனைக்கிறேன்" உதிர்ந்துவிட்டது. அடுத்த வாரம் லாசிமுக்குக் கரிமுனில் ஒரு மனைவி வந்துவிட்டாள். அதற்கடுத்த மாதம் இரட்டைக் குழந்தை.

முதல் வருடம் ஜஹாரா பெயரைச் சொல்லி அனுப்பினாள். லெப்பை வாசிக்கவில்லை.

"உயிரோட இருக்கிறவனுக்கு மௌத்தானவங்களோட சேர்த்து ஓதினா அந்தப் பாவம் என் தலையில விழும்மா" என்றார் லெப்பை, மறுநாள் வாசலில் வந்து நின்றவளிடம். "ஜிடின் பாத்திருக்கான். ஈமான் உள்ளவன், அல்லாவுக்குப் பயந்தவன். அவன் வாக்கைத் தள்ள முடியுமா?"

"ஜிடின் மீன் எவ்வளவு பெருசுன்னு சொன்னா நம்புவீங்களா, லெப்பையே?"

"அது வேற."

"வேறதான். மீனுக்கு மானம் கிடையாது."

அன்றிலிருந்து அவள் கோபம் வீட்டுக்குள் அடங்கவில்லை. ஜிடினின் படகு கரையேறும்போதெல்லாம், "என்ன ஜிடின், கரிமுன்ல என் சக்களத்தி சௌக்கியமா? புள்ளைங்களுக்குப் பல்லு மொளச்சுதா?" என்று கடற்கரை முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பாள். ஜனங்கள் சிரிக்கும். ஜிடினும் இளிப்பான். அவள் சிரிக்கமாட்டாள்.

அந்தக் கம்பத்தில் இன்னொரு கதையும் இருந்தது. சண்டு மலையில் ஒரு பெண் பேய் உலாவுகிறதாம். சிவந்த நகமாம். ஜஹாரா அதைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. யாராவது தொடங்கினால், "செத்தவன் கதையே இங்க தீரல, பேய்க் கதைக்கு வந்துட்டாங்க" என்று எழுந்து போய்விடுவாள். அந்தக் கோபத்தால்தான் ஒரு வருடம் வீணாய்ப் போயிற்று.

மறு வருடம், ஓதும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால், பக்கத்து வீட்டுப் பியாவின் மகளுக்குக் கல்யாணம். மருதாணி அரைக்க ஜஹாராவைக் கூப்பிட்டார்கள். நன்றாக அரைப்பாள், அம்மியிடம் கோபித்துக்கொண்டு அரைப்பதுபோல. மத்தியானம் பெண்ணை உட்காரவைத்து விரல்களுக்குப் பூசி முடித்ததும் பியா குனிந்து எண்ணினாள்.

"ஒன்னு, ரெண்டு... பத்து. அல்ஹம்துலில்லாஹ்."

"என்ன பியா, பொண்ணுக்கு விரல் குறைஞ்சிருமா? எண்ணிப் பாக்குற?"

"உனக்குத் தெரியாது, ஜஹாரா. ஒரு நகம் விட்டுப்போச்சுன்னா மலைக்காரி தன் ஆளுன்னு நெனச்சுக் கூட்டிட்டுப் போயிருவா. அவளுக்கு ஒன்பது நகம்தானே செவப்பு."

மிச்ச இலையை அரைத்துக்கொண்டிருந்த ஜஹாராவின் கை அம்மியில் நின்றது.

"எத்தனை?"

"ஒன்பது. அதான் ஒன்பது நகக்காரின்னு பேரு. பட்டாளத்துச் சட்டை போட்டிருப்பாளாம். ஒரு நகத்தை ஜப்பான்காரன் தொண்டையில விட்டுட்டு வந்துட்டான்னு..."

"யாரு பாத்தது?"

"கீரைத்தோட்டத்துச் சீனன். சுவா கியாட். அவன்தான் பொதச்சானாம். அப்புறம்தான் நம்ம லெப்பை போயி..." பியா நிமிர்ந்து பார்த்தபோது எதிரே யாரும் இல்லை. குழவி மட்டும் உருண்டுகொண்டிருந்தது.

மலைச் சரிவில் சுவா கியாட் கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். தோளில் காவடிபோல் இரண்டு வாளி. கை முழுக்கப் பச்சை மருதாணியோடு ஒரு பெண் பாத்தியை மிதித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் ஒரு வாளியைக் கீழே போட்டுவிட்டான்.

"நீ பொதச்ச பொம்பளைக்கு எந்த விரல்ல செவப்பு இல்ல?"

அவன் காவடியை இறக்கிவைத்தான். தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான், யாருடைய கையையோ பார்ப்பதுபோல. பிறகு வலது கை ஆள்காட்டி விரலை நீட்டினான்.

"இது. இது மட்டும் வெள்ளை."

ஜஹாரா பக்கத்தில் கைக்குக் கிடைத்த முள்ளங்கியைப் பிடுங்கி வீசினாள். அவன்மேல் இல்லை, வானத்தின்மேல். அடுத்ததைப் பிடுங்கினாள். பாத்தியில் பாதி காலியாகும்வரை சுவா கியாட் தடுக்கவில்லை.

"ஆம்பளைடா! என் வீட்டுக்காரர்! புதுமாப்பிள்ளை! எங்க ஊர்ல மாப்பிள்ளைக்கும் மருதாணி வெப்போம்னு உனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் இங்கதானே கீரை விக்கிற?"

"கீரை வேணும்னா கூப்பிடுவாங்க. கல்யாணத்துக்கு யாரு என்னைக் கூப்பிட்டா?" என்றான் அவன். "முகம் பாக்க முடியல, அம்மா. முகம் இல்ல. கையைப் பாத்தேன். எங்க பக்கம் பொம்பளைங்கதான் செவப்பு வெப்பாங்க. நர்ஸா இருக்கும்னு நெனச்சேன். ஜப்பான்காரன் பொதைக்கக் கூடாதுன்னான். நாய் வந்துச்சு. நான் மண்ணு போட்டேன்."

"வாய் தொறந்து யார்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனே! ஜிடின்கிட்ட சொன்னேன், லெப்பைகிட்ட சொன்னேன், எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒரு மனுஷியைக் குடுத்தேன், ஒரு பேயைத் திருப்பிக் குடுத்தாங்க."

அவன் அவளை மேலே அழைத்துப் போனான். ரம்புத்தான் மரத்தடியில் ஒரு மேடு. சுற்றிலும் கல் வைத்திருந்தான். அவன் வைத்த கல்லைத் தவிர இன்னொன்றும் இருந்தது. தலைமாட்டில் ஒரு சாண் நீளப் படகு ஆணி, கொண்டை மட்டும் தெரியும்படி அடித்து இறக்கியிருந்தது.

"இது என்ன?"

"பேய் எழுந்திரிக்காம இருக்க. லெப்பை அடிச்சார். ஆணி ஜிடின் குடுத்தது."

அவள் அன்று அழுதாள் என்றுதான் நினைப்பீர்கள். இல்லை. அந்த ஆணியின் கொண்டையில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் சண்டு மலையில் ஒரு சிள்வண்டுகூடக் கத்தவில்லை என்று சுவா கியாட் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, "வெள்ளிக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கிட்டு வா. உன்னை விருந்துக்குக் கூப்பிடறேன்" என்றாள்.

ஓதும் நாள். மஞ்சள் சோறும் ரெண்டாங் கறியும் பின்கட்டில் மணக்க, ஆண்கள் தொழுகைக்கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். லெப்பை தொண்டையைச் செருமினார். வாசல்படியில் ஜஹாரா வந்து நின்றாள். பெண்கள் நிற்கும் இடம் அது இல்லை. பின்னால் பொத்தான் எல்லாம் போட்ட சட்டையில் சுவா கியாட்.

"பேர் வாசிக்கிறதுக்கு முந்தி ஒரு பேர் சேக்கணும், லெப்பையே."

"மறுபடியுமா? போன வருஷமே சொன்னேனே."

"இந்த வருஷம் சாட்சி கொண்டாந்திருக்கேன்."

லெப்பை சாட்சியைப் பார்த்தார். "இவனா? ஈமான் இல்லாதவன் சாட்சி இதுல எடுபடாதும்மா. நான் என்ன செய்ய? சட்டம் அப்படி."

"அப்படியா?" ஜஹாரா ஒரு படி ஏறினாள். "மலையில சிவப்பு நகத்தோட ஒரு உடம்பு கிடக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

லெப்பை தோள் துண்டைச் சரிசெய்தார்.

"இவன்தானே சொன்னான்? அப்ப இவனுக்கு ஈமான் வந்திருந்துச்சா? இவன் பேச்சை நம்பித்தானே ஆணியும் சுத்தியலும் தூக்கிட்டு மலை ஏறுனீங்க? பேய்க்குன்னா இவன் வாக்கு செல்லும். என் புருஷனுக்குன்னா செல்லாதா?"

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. "என்னம்மா உளர்ற, அது பொம்பளைப் பேய்" என்றது ஒரு குரல். "ஆம்பளை நகத்துல ஏது மருதாணி?"

"யாரு அது கேட்டது? உங்க கல்யாணத்துல உங்களுக்கு வெக்கலையா? கையை நீட்டுங்க. எல்லாரும் நீட்டுங்க, பாப்போம்!"

எத்தனையோ வருடத்துக்கு முன் உதிர்ந்துபோன சிவப்பு அங்கே என்ன இருக்கப்போகிறது? இருந்தும், அந்தக் கூடத்தில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் குனிந்து தன் கையைத்தான் பார்த்தான்.

"ஒரு புதுமாப்பிள்ளை பட்டாளத்துச் சட்டையோட, மருதாணிக் கையோட உங்களுக்காகச் செத்துக் கிடந்தார். உங்கள்ல ஒருத்தருக்குக்கூட அது மாப்பிள்ளை கைன்னு தோணல. பேய்னுதான் தோணுச்சு. அவருக்கு முடி வளத்தீங்க, சேலை கட்டுனீங்க, ராத்திரியில பிள்ளைங்களை பயமுறுத்த வெச்சுக்கிட்டீங்க. பகல்ல, கரிமுனுக்கு ஓடிப்போனவன்னு அதே வாயால சொன்னீங்க. ஒரே ஆளை எத்தனை தடவை கொல்லுவீங்க? ஒன்பது நகம். பத்தாவது விரல் துப்பாக்கிக்குன்னு அவரே விட்டுவெச்சார். மருதாணி வெச்ச என் சித்தி கேலாங்ல உயிரோட இருக்கா. ஆள் அனுப்பிக் கேளுங்க."

பிறகு அவள் ஜிடினைத் தேடினாள். அவன் தூணுக்குப் பின்னால் இருந்தான். தூண் அவனைவிட ஒல்லி.

"ஜிடின்! குர்ஆனைத் தொட்டுச் சொல்லு. உன் படகுல அவர் இருந்தாரா?"

ஜிடினின் வாயில் வெற்றிலை நின்றுபோயிற்று. "இருட்டு, அக்கா... ஏழெட்டுப் பேர். பேர் யாரு கேட்டா? காப்பிக்கடையில பேச்சு வந்துச்சு... சும்மா ஒரு பேர் சொன்னேன்."

"சும்மா."

"சும்மாதான், அக்கா. அப்புறம் எல்லாரும் கேக்க ஆரம்பிச்சாங்க. இல்லைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"உனக்கு வெக்கமா இருந்துச்சு." அவள் மெதுவாகத்தான் சொன்னாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பான்.

லெப்பை கோசிம் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஊர் பயப்பட்டால் ஆணி அடிப்பார், ஊர் அழுதால் ஓதுவார், இரண்டுக்கும் நடுவில் யோசிக்க அவருக்கு நேரம் கிடைத்ததில்லை. தோள் துண்டை எடுத்து முகம் துடைத்தார். "தலைமாட்டுலயா அடிச்சேன்?" என்று யாரிடமோ கேட்டார்.

"தலையில" என்றாள் ஜஹாரா.

விருந்து ஆறட்டும் என்று எல்லோரும் மலை ஏறினார்கள். பட்டப்பகல். பேய்க்குப் பயந்து அதுவரை அந்தப் பக்கம் கால் வைக்காதவர்கள்கூட வந்தார்கள். சுவா கியாட் குறடு கொடுத்தான். ஆணி துருப்பிடித்து மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது. வாலிபர்கள் இரண்டு பேர் உதவிக்கு முன்னால் வந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க" என்றாள். "அடிச்ச கை எடுக்கட்டும்."

லெப்பை மண்டியிட்டு இழுத்தார். சொங்கோக் நழுவி விழுந்தது. வியர்வை தாடியில் சொட்டியது. அந்த ஆணி அவ்வளவு சீக்கிரம் வரவில்லை, லாசிமே அடியில் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறானோ என்று தோன்றியது. கடைசியில் ஒரு முனகலோடு வெளியே வந்தது. முனகியது ஆணியா லெப்பையா என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி.

அவர் ஓதினார். ஓதி முடித்துக் கையைத் தாழ்த்தும்போது ஜஹாரா விடவில்லை.

"தல்கீன் சொல்லுங்க."

அடக்கம் முடிந்ததும் இறந்தவரைத் தாயின் பெயரோடு கூப்பிட்டுச் சொல்லும் வார்த்தைகள் அவை. லெப்பை தயங்கினார். "சண்டையில ஷஹீதா உயிரை விட்டவருக்கு அது தேவையில்லைம்மா. அவங்களுக்கு எல்லாம் தெரியும்."

"அவருக்குத் தேவையில்லாம இருக்கலாம். எனக்குத் தேவை. இவங்களுக்கும் தேவை. கூப்பிடுங்க. கடற்கரை வரைக்கும் கேக்கணும்."

"தாயார் பேரு?"

"மீலா. பேரனைப் பாக்காமயே போனவ."

லெப்பை கோசிம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு நல்ல குரல். "லாசிம்! மீலாவின் மகனே!" என்று அழைத்தார். ஒரு முறை. இரண்டாம் முறை. மூன்றாம் முறை அழைத்தபோது கூட்டத்தில் நின்றவர்களும் அவர்கள் அறியாமலே கூடச் சொன்னார்கள். கீழே அபின் ஆலையின் காவல்காரன் வெளியே வந்து மேலே பார்த்தான்.

திரும்பி வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். சுவா கியாட்டை நடுவில், லெப்பைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள் ஜஹாரா. தட்டு நிறைய அவள் கையாலேயே போட்டாள். ஜிடின் சோற்றில் கை வைக்கப்போனான். அவன் முன்னால் இருந்த தட்டு நகர்ந்தது.

"உனக்கு இங்க இல்லை, ஜிடின். கரிமுன்ல வெச்சிருக்கு. என் சக்களத்தி நல்லா ஆக்குவா. போய்ச் சாப்பிட்டு வா."

யாரும் சிரிக்கவில்லை. ஜிடின் எழுந்து போனான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த விருந்துக்கு வருவான், கடைசி ஆளாக, எல்லோரும் எழுந்தபின் சட்டியின் அடியில் இருப்பதைத்தான் அவள் அவனுக்குப் போடுவாள். மன்னித்துவிடேன் என்று பியா கேட்டாள். "மன்னிச்சாச்சு. அதான் சோறு போடறேன். கறி போடற அளவுக்கு இன்னும் மன்னிக்கலை" என்றாள்.

ஆணியை அவள் எடுத்துவந்துவிட்டாள். மீலாவின் வீட்டுச் சுவரில் அடித்து, அதில் அந்தப் பச்சைச் சொங்கோக்கை மாட்டினாள். அவள் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்த இரண்டு பேரும் அந்த ஆணியைப் பார்த்துவிட்டுக் காப்பியைக்கூட முடிக்காமல் போனார்கள்.

பல வருடம் கழித்து, பிப்ரவரி மாதங்களில் கார்களில் ஆட்கள் வந்து மலையில் மலர்வளையம் வைக்கத் தொடங்கினார்கள். ஒரு வருடம் சலவைச் சட்டைக்காரர் ஒருவர் ஒலிபெருக்கியில், "அதிகாரிகளுடன் பெயர் தெரியாத எத்தனையோ வீரர்களும்" என்று தொடங்கினார். நரைத்த தலையோடு ஒரு கிழவி கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள். கையில் வீட்டுச் சுவரிலிருந்து பிடுங்கிவந்த ஒரு சாண் நீளத் துருப்பிடித்த ஆணி.

"யாருக்குப்பா பேர் தெரியாது? அவங்களுக்கா, உனக்கா? லாசிம். மீலா மகன். சொல்லு. நீ சொல்ற வரைக்கும் நான் உக்காரமாட்டேன்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாராவது வந்து அவளை உட்காரவைப்பார்கள் என்று காத்திருந்தார். கம்பத்து ஆட்கள் ஒருவரும் அசையவில்லை. கடைசியில் ஒலிபெருக்கியில் குனிந்து சொன்னார்.

"சத்தமா" என்றாள் ஜஹாரா.